பதினோரு நிமிடக் குழு

உத்திராபதி நெடுங்கரைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. அந்த வயதில் யாரும் வீட்டோடு மாப்பிள்ளையாக வருவதில்லை. விழுப்புரம் ரயில் நிலையத்துக் கைகாட்டிக் கேபினில் பதினாறு வருடம் லீவர் இழுத்தவர், ஒரு மழைநாளில் கம்பத்து ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் அதற்குப் பிறகு முழுதாக மடங்கவில்லை. ரயில்வே ஒரு நற்சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது.

மனைவி சிந்தாமணிதான் வழி சொன்னாள். "எங்க ஊர் மேரியில மணியடிக்கிற வேலை காலியா இருக்குதாம். மணியடிக்க முட்டி எதுக்கு?"

நெடுங்கரை, பாகூருக்கும் கரிக்கலாம்பாக்கத்துக்கும் நடுவே ஏரிப் பாசனத்தில் பிழைத்த ஊர். கொம்யூன் எனும் ஊராட்சியின் அலுவலகத்தை மேரி என்றும் அதன் தலைவரை மேர் என்றும் சொல்வது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கம். 1954 நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இந்தியக் கொடியாக மாறியது. சொற்கள் மாறவில்லை, மணியும் மாறவில்லை. முன்பு மணியடித்தவர் காது மந்தமாகி, அடித்த மணியையே சந்தேகப்பட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்திருந்தார். அதனால்தான் இடம் காலியானது.

மேரியின் நடுக்கூடத்துக் கூரையில் ஒரு தகடு, அதில் ஒரு சிறு துளை. அதன் வழியாக விழும் வெயில் பொட்டு தரையில் பதித்திருந்த பித்தளைக் கோட்டைக் கடக்கும் கணத்தில் சூரியன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது உத்திராபதி கயிற்றை இழுக்க வேண்டும். மேகம் மூடிய நாட்களில், முந்தின நாள் வெயிலைப் பார்த்துத் திருத்திய சுவர்க்கடிகாரம் இருந்தது. வேலை அவ்வளவுதான். அதையே அவர் மிகுந்த கவனத்தோடு செய்தார். பதினொன்றரை மணிக்கெல்லாம் கோட்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, நீட்டிய காலோடு உட்கார்ந்துவிடுவார்.

ரயில்வே கேபின் அவருக்கு ஒரு குணத்தைக் கொடுத்திருந்தது. அங்கே கைகாட்டிகளையும் தண்டவாளங்களையும் மாற்றும் நாற்பது லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒன்றை இழுத்தால் மற்றவற்றில் எவை அசையக் கூடாது என்று சுவரில் ஒரு பெரிய அட்டவணை தொங்கும். அதைப் பார்க்காமல் யாரும் எதையும் தொடுவதில்லை. உத்திராபதி உலகத்தையே அந்த அட்டவணையாகத்தான் பார்த்தார். சிந்தாமணி அடுப்பை வேறு மூலைக்கு மாற்றலாம் என்றால், புகை எந்தப் பக்கம் போகும், விறகு எந்த வழியாக வரும், மழைக்காலத்தில் என்ன ஆகும், சரிப்படாவிட்டால் பழைய மூலைக்குத் திரும்ப முடியுமா என்று கேட்டுக்கொண்டே போவார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் அடுப்பை மாற்றிச் சோறும் வடித்திருப்பாள்.

1957 சித்திரை முதல் வாரத்தில் மேரிக்கு ஒரு வானொலிப் பெட்டி வந்தது. அதைத் தொடங்கிவைக்க நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மேர் உலகநாதன் மாலையோடு நின்றார். பெட்டி கரகரத்து, பாடி, கடைசியில் மணி பன்னிரண்டு என்று அறிவித்தது. எல்லோரும் மேரியின் மணியை எதிர்பார்த்தார்கள். மணி அடிக்கவில்லை. அதிகாரி உத்திராபதியைப் பார்த்தார். உத்திராபதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு நிமிடம் கூடம் முழுவதும் காத்து நின்றது. பிறகு அவர் எழுந்து நிதானமாகப் பன்னிரண்டு அடித்தார்.

"இங்கே இன்னும் பிரெஞ்சுக்காரன் நேரமா ஓடுகிறது?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க ஐயா, இது சூரியன்..." என்று உத்திராபதி தொடங்கியபோது மேர் அவர் காலை மிதித்தார். அதிர்ஷ்டவசமாக அது நல்ல கால்.

ஒரு மாதத்தில் 'நேர ஒருங்கிணைப்புக் குழு' அமைந்தது. ஊரில் அதைப் பதினோரு நிமிடக் குழு என்றே சொன்னார்கள். ஏழு பேர். மேர் தலைவர். மேரியின் எழுத்தரான கலியபெருமாள் காரியதரிசி. அவரை எல்லோரும் பழைய பழக்கத்தில் செக்ரெத்தேர் என்று கூப்பிடுவார்கள். 'தொழில்நுட்ப அறிஞர் ஒருவர் இருத்தல் வேண்டும்' என்று நகரத்துக் கடிதத்தில் ஒரு வரி இருந்ததால் உத்திராபதியையும் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு நாற்காலி. அவருக்கு அவருடைய முக்காலி.

முதல் கூட்டத்தில் கலியபெருமாள் நிகழ்ச்சிக் குறிப்பை வாசித்தார். முதல் தீர்மானம்: மணியை எடுத்துவிட்டு, வானொலி நேரப்படி பன்னிரண்டுக்குச் சங்கு ஊதுவது. இரண்டாவது: அதற்கான காரணங்களை ஆராய்வது. கையால் சுற்றி ஊதும் சைரனான அந்தச் சங்கு ஏற்கெனவே வந்து, சாக்குக்குள் மூலையில் கிடந்தது.

உத்திராபதி கையைத் தூக்கினார். "ஐயா, மணியால யாருக்கு இன்னா கஷ்டம்னு யாரும் சொல்லலியே?"

"பதினோரு நிமிஷம் தப்பா இருக்குதுய்யா. அதான் கஷ்டம்."

"யாருக்குங்க?"

மேர் சுற்றிலும் பார்த்தார். குழுவில் யாரும் தங்களுக்குக் கஷ்டம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் "நாட்டுக்கு" என்றார்.

"அப்போ இந்த மணிய நம்பிகினு யாரெல்லாம் இருக்காங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு வரட்டுமாங்க? ஒரு லீவர இழுத்தா எது எது ஆடும்னு தெரியணும் இல்லீங்களா?"

கூட்டத்தைச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருந்ததால் மேர் சம்மதித்தார்.

அடுத்த சில வாரங்கள் உத்திராபதி பின்மாலைகளில் காலை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருந்தார். சந்தித்த ஒவ்வொருவரிடமும் மூன்றே கேள்விகள்: மணி எதற்கு வேண்டும், கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ யாருக்கு நஷ்டம், மணியே அடிக்காத நாளில் என்ன செய்வீர்கள்.

ஏரி மதகைத் திறந்து மூடும் அய்யனார்தான் முதலில் சிக்கினார். தையில் தொடங்கும் நவரைப் பருவத்தில் விடிந்ததிலிருந்து மேரி மணி வரைக்கும் தண்ணீர் கிழக்கு வாய்க்காலுக்கு. மணியிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் மேற்கு வாய்க்காலுக்கு.

"உச்சியில அடிக்கிறதால ரெண்டு பக்கமும் சமமா பூடுது. அதனாலதான் இங்க இன்னும் மம்பட்டி தண்ணிய மட்டும் வெட்டுது, மண்டைய வெட்டல," என்றார் அய்யனார்.

கடைத்தெருவில் மளிகை வைத்திருந்த காஜா மொய்தீன் சிரித்தார். "பள்ளிவாசல்ல தொழுகை வக்து பாக்க ஆளு இருக்காங்க அண்ணே. ஆனா கடையில குந்திகினு இருக்கிறவன் உங்க மணி கேட்டாத்தான் லுஹர் தொழுகைக்கு எழுந்திரிக்கிறான். உச்சி சாயறதுக்கு முன்ன மணி அடிச்சா அது எங்களுக்கு ஒதவாது. ஆனா ஒண்ணு, வில்லியனூர் ஸ்டேஷன்ல சரக்கு ஏத்தறதுக்கு உங்க மணிய நம்பிப் போயி ரெண்டு தபா ரயில வுட்டுட்டேன். அதுக்கு ரேடியோ நேரந்தான் தோது."

உத்திராபதி பென்சிலை நிறுத்தினார். ஒரே மனிதருக்கு இரண்டு நேரமும் வேண்டியிருந்தது. அதை அவர் அடிக்கோடிட்டு எழுதினார்.

மருத்துவச்சி ரோசம்மாள் பிரசவம் பார்த்த கையோடு மேரியில் வந்து பிறந்த நேரத்தைப் பதிவு செய்பவள். அவளிடம், "நீ சொல்ற நேரம் எந்தக் கடிகாரத்து நேரம்மா?" என்று கேட்டார்.

ரோசம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தாள். "அந்தந்த வூட்டுக் கடிகாரந்தான். கடிகாரம் இல்லாத வூட்ல நிழல். அப்புறம் ஜாதகம் எழுதறவரு வந்து 'எந்தக் கணக்கு நேரம்'னு கேப்பாரு. நான் கர்த்தர் கணக்குன்னு சொல்லி அனுப்பிடுவேன்."

"ஜாதகத்துக்கு நேரம் கொஞ்சம் மாறினா?"

"கட்டமே மாறிடும்னு பயந்துக்குவாங்க. பொண்ணு கல்யாணம் நின்னுடுமே, தம்பி."

இதற்கிடையில் இன்னொரு விஷயம் அவரைத் தூங்கவிடவில்லை. தினமும் வெயில் பொட்டு கோட்டைத் தொடும்போது வானொலிப்படி என்ன நேரம் என்று குறித்துக்கொண்டே வந்தார். சித்திரையில் பதினோரு நிமிடமாக இருந்த வித்தியாசம் வைகாசியில் ஏழாகக் குறைந்தது. ஆடியில் பதினேழாகிவிட்டது. முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார், பிறகு சுவர்க்கடிகாரத்தை. சூரியனைச் சந்தேகப்படக் கடைசியில்தான் மனம் வந்தது. பாகூர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், பூமி வருடம் முழுவதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, சாய்ந்தும் நிற்கிறது, அதனால் உச்சி வேளை கடிகாரத்தைவிட முன்னும் பின்னுமாகப் போகும் என்று விளக்கினார். உத்திராபதிக்கு அன்று ஒரு பெரிய ரயிலைச் சரியான தண்டவாளத்தில் ஏற்றிவிட்ட நிம்மதி.

ஆடிக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மேருக்கு முகம் சிவந்தது.

"பதினோரு நிமிஷம்னு மேலிடத்துக்கு எழுதிட்டோம். இப்ப பதினேழுன்னு வந்து நிக்கிற. நீ இன்னாயா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. சூரியன்..."

"குழுவுக்குத் தெரியாம எப்பிடி மாறும்?"

கலியபெருமாள் ஒரு வழி கண்டுபிடித்தார். குறிப்பேட்டில் 'பதினோரு நிமிடம் (தற்காலிகமாகப் பதினேழு)' என்று எழுதினார். ஐப்பசிக் கூட்டத்தின்போது மணி வானொலிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே அடித்தது. அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று தனித் தீர்மானம் போட்டார்கள். அதே கூட்டத்தில் ஓர் உறுப்பினர், நேரம் மாறினால் ராகு காலமும் கூட வருமா, பழைய இடத்திலேயே நிற்குமா என்று கேட்டார். ராகுவின் நிலைப்பாட்டை அறியப் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவருக்குக் கடிதம் போனது. பதில் வரவில்லை.

உத்திராபதி தன் அறிக்கையை ஐந்து பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். சுருக்கம் இதுதான். வெளியூரோடு ஒத்துப்போக வேண்டியவர்களுக்கு, அதாவது ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தபாலுக்கும் பரீட்சைக்கும், வானொலி நேரம் வேண்டும். தண்ணீர் முறைக்கும் தொழுகைக்கும் சூரியன் வேண்டும். ஒரே சத்தத்தால் இரண்டையும் சொல்ல முடியாது. ஆகவே மணி மணியாகவே இருக்கட்டும், சங்கைத் தனியாக ஊதுவோம். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைப்போம். மேரிப் பதிவேட்டில் நேரம் எழுதும் இடத்திலெல்லாம் எந்த நேரம் என்று ஒரு எழுத்துப் போடுவோம். முதலில் ஒரு மாதம் செய்து பார்ப்போம். சரிப்படாவிட்டால் பழையபடி திரும்பலாம், மணிக்கயிற்றை மட்டும் அறுத்துவிட வேண்டாம்.

அறிக்கையை எல்லோரும் பாராட்டினார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார் ஓர் உறுப்பினர். மேர் முதல் பக்கத்துக்கு மேல் புரட்டாமல், "ரெண்டு நேரமா? சுதந்திர நாட்டுல ஒரு ஊருக்கு ரெண்டு நேரம்னா வெளிய இன்னா சொல்லுவான்?" என்றார். ஆறு கை உயர்ந்தது. 1958 ஜனவரி இருபத்தாறாம் தேதியிலிருந்து சங்கு மட்டும்தான் என்று முடிவானது. மணியை இறக்கிச் சாக்கில் கட்டினார்கள், சங்கு வந்த அதே சாக்கு.

அன்று வீட்டுக்கு வந்த உத்திராபதி சாப்பிடவில்லை. "கேபின்ல இப்பிடிப் பண்ணியிருந்தா ரெண்டு ரயிலு மோதியிருக்கும்," என்றார்.

"இங்க ரயிலா இருக்குது? மேரிதானே, மெதுவாத்தான் மோதும். குந்திச் சாப்புடுங்க," என்றாள் சிந்தாமணி.

அவள் சொன்னபடியே மெதுவாகத்தான் மோதியது. குடியரசு தினத்தன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, சரியாகப் பன்னிரண்டுக்குச் சங்கு ஊதினார்கள். அப்போது சூரியன் உச்சிக்கு வர இன்னும் இருபத்துமூன்று நிமிடம் இருந்தது. அய்யனார் விதிப்படி கிழக்கு மதகை மூடி மேற்கைத் திறந்தார். தினமும் இருபத்துமூன்று நிமிடத் தண்ணீர் மேற்கே போனது. கிழக்கு வாய்க்காலின் கடைமடையில் நிலம் வைத்திருந்தவர்களில் மேர் உலகநாதனும் ஒருவர். அங்கே தண்ணீர் வந்து சேரும் நேரத்துக்கு முறை முடிந்துவிடும்.

மூன்றாவது வாரம் மேர், கூடத்தில் ஆளில்லாத சமயம் பார்த்து உத்திராபதியிடம் வந்தார்.

"உத்திராபதி, சங்க கொஞ்சம் மெதுவா ஊதேன்."

"சத்தம் கம்மியாவா ஐயா?"

"நேரங்கழிச்சுய்யா. ஒரு இருபத்திமூணு நிமிஷம்."

"எழுத்துல குடுத்துடுங்க ஐயா, ஊதறேன்."

எழுத்தில் வந்தது. கலியபெருமாள் இரண்டு நாள் யோசித்து எழுதியிருந்தார்: 'சங்கு பன்னிரண்டு மணிக்கே ஊதப்படும். எனினும் பாசனப் பருவத்தில் பன்னிரண்டு மணி என்பது பன்னிரண்டு இருபத்துமூன்று எனக் கருதப்படும்.' உத்திராபதி அதைச் சங்குக்கு மேல் ஆணியில் மாட்டிவிட்டு, அதன்படியே சுற்றினார்.

சித்திரை வந்தது. உச்சி வேளை பன்னிரண்டு பதினொன்றுக்கு நகர்ந்துவிட்டது. இப்போது மேற்கு வாய்க்கால்காரர்களுக்குத் தினமும் பன்னிரண்டு நிமிடம் குறைந்தது. அவர்கள் மண்வெட்டியோடு மேரிக்கு வந்தார்கள். முதல் திருத்தம் பிறந்தது: பன்னிரண்டு மணி என்பது பன்னிரண்டு பதினொன்று. அடுத்த பருவத்தில் கிழக்குக்காரர்கள் வந்தார்கள், இரண்டாவது திருத்தம். லுஹருக்கு உச்சிக்கு முன்னே சங்கு கேட்டுவிடுகிறது என்று கடைத்தெருவிலிருந்து ஒரு மனு, மூன்றாவது. பாட்டரி தீர்ந்து வானொலி ஊமையாகிவிட்ட நாட்களுக்காக நான்காவது: அன்று உத்திராபதி தன் மனசாட்சிப்படி ஊதலாம். மனசாட்சி என்பதற்கு அவர் பித்தளைக் கோடு என்று பொருள் எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போகிறவர்கள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீக்கடைக்காரர் ஒரு வானொலி வாங்கிவிட்டார். நேரம் தெரிய வேண்டியவர்கள் அங்கே போய் நின்றார்கள்.

1960 தொடக்கத்தில் ஒன்பது திருத்தங்கள் ஆணியில் தொங்கின. எடை தாங்காமல் ஆணி பிடுங்கிக்கொண்டு விழுந்ததால், அவற்றை ஒன்றாக்கி ஒரே அட்டவணையாகப் போட மேர் உத்தரவிட்டார். கலியபெருமாள் ஒரு வாரம் உட்கார்ந்து, எந்த மாதத்தில் எந்த வாரம் சங்கு எத்தனை மணிக்கு என்று எழுதி முடித்தார். உத்திராபதி தன் நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெயில் பொட்டு கோட்டைத் தொட்டதாக அவர் குறித்திருந்த நேரங்களே அட்டவணையிலும் வாரத்துக்கு வாரம் அப்படியே இருந்தன, ஒரே ஓர் இடத்தைத் தவிர. மாசி இரண்டாம் வாரத்தில் மட்டும் கலியபெருமாள் ஒரு நிமிடம் தப்பு விட்டிருந்தார்.

"செக்ரெத்தேர் ஐயா, இந்த ஒண்ண மட்டும் இருபத்தஞ்சுன்னு மாத்திடுங்க. அப்புறம் எல்லாம் சரியா இருக்குது," என்றார்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் கலியபெருமாள்.

உத்திராபதி நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். சிரிப்பை அடக்குவதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் வேறு மாதிரியும் கண்ணில் நீர் வந்தது என்று பிறகு சிந்தாமணியிடம் சொன்னார்.

'நெடுங்கரை நேர அட்டவணை' என்று அதற்குப் பெயர் வைத்து மேர் நகரத்துக்கு அனுப்பினார். நகரத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது: பல தரப்பினரின் தேவையையும் முன்கூட்டியே ஆராய்ந்து வகுத்த முறை என்று. மேர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அதே தபாலில் உத்திராபதிக்கும் ஒரு தாள் இருந்தது. அட்டவணைப்படி யார் வேண்டுமானாலும் சங்கு ஊதலாம் என்பதால், அவர் பிறப்பு இறப்புப் பதிவறைக்கு மாற்றப்படுகிறார்.

பதிவறையில் அவருக்கு முக்காலி கூட இல்லை. ஆனால் ரோசம்மாள் வாரம் ஒருமுறை வந்தாள். எந்த நேரம் என்று அவர் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பழகிவிட்டது. "சூரியன் நேரம் தம்பி" அல்லது "ரேடியோ நேரம் தம்பி" என்று சொல்லியே தொடங்குவாள். நேரத்துக்குப் பக்கத்தில் அவர் சின்னதாக 'சூ' என்றோ 'ரே' என்றோ எழுதுவார். யாரும் உத்தரவிடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் அதைக் குமாஸ்தாவின் கையெழுத்துச் சுருக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

1962 கோடையில் காஜா மொய்தீன் இரண்டு பழைய பஸ்களை வாங்கினார். ஒன்று பாகூர் வழியாகக் கடற்கரைக் குப்பங்களுக்கு, இன்னொன்று வில்லியனூருக்கு. நேராகப் பதிவறைக்கு வந்து, "அண்ணே, எந்த பஸ்ஸு எத்தன மணிக்குன்னு எழுதிக் குடுங்க. நாளன்னிக்கு வுடணும்," என்றார்.

"யாரு பாய் ஏறப்போறாங்க?"

"பஸ்ஸு நின்னா ஏறுவாங்க அண்ணே. மொதல்ல வுடுவோம்."

உத்திராபதி அதற்கு இணங்கவில்லை. மேரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் பஸ் நிற்கும் இடத்தில் புளியமரத்தடியில் புது நோட்டோடு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காலையில் குப்பத்திலிருந்து மீன்கூடையோடு நடந்து வந்த குப்பு என்ற பெண் அவர் எதிரில் கூடையை இறக்கினாள்.

"இன்னா பெரியவரே, மூணு நாளா எங்களையே எண்ணிகினு இருக்கீரு?"

"பஸ்ஸு வுடப்போறாங்கம்மா. உங்களுக்கு எப்ப வந்தா தோது?"

"வல எப்ப கரைக்கு வருதோ அப்ப. கடலு மணி பாத்தா வருது? கூடைய ஏத்துவீங்களா, அத மொதல்ல சொல்லு. ஆள ஏத்திகினு கூடைய எறக்கி வுட்டா எவ ஏறுவா?"

உத்திராபதி நோட்டில் அதுவரை எழுதியிருந்த நான்கு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அன்று மாலை காஜா மொய்தீன் கடைக்குப் போய், முதலில் பஸ்ஸின் கூரை மேல் கூடைக்குக் கம்பி அடிக்க வேண்டும், காலை பஸ்ஸைக் குப்பத்தில் பதினைந்து கூடை சேர்ந்ததும் எடுக்க வேண்டும், எப்படி ஆனாலும் ஏழரைக்கு மேல் நிற்கக் கூடாது என்றார். காஜா மொய்தீன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு கொல்லனுக்கு ஆள் அனுப்பினார்.

ஐந்து நாள் தாமதமாகக் கிளம்பிய முதல் பஸ்ஸில் கூரை மேல் பதினெட்டுக் கூடைகள் இருந்தன. முன்சீட்டில் நீட்டிய காலோடு உத்திராபதி உட்கார்ந்திருந்தார். மீன் தண்ணீர் சன்னல் வழியாக ஒழுகி அவர் சட்டையை நனைத்தது. கூரைக் கம்பிக்குக் கீழே ஒரு தகரம் வைக்க வேண்டும் என்று எழுத அவர் நோட்டைத் திறந்தார்.